திரு. பிளாஸ்டிக் அரிசி அவர்களின் மரண அறிவித்தல்

நெடுங்கேணியில் ஒருவர் செத்தால் அதை ஊருக்குச் சொல்வது நான்தான். என் மனுசன் பிரதாபன் ஓட்டோ ஓடுவார். ஓட்டோவின் தலையில் இரண்டு ஒலிபெருக்கி கட்டியிருக்கும். அதற்குள்ளால் வருவது என்னுடைய குரல். "நெடுங்கேணியைப் பிறப்பிடமாகவும் ஒலுமடுவை வதிவிடமாகவும் கொண்ட..." என்று நான் தொடங்கினால் சனம் டிவியை நிப்பாட்டிவிட்டு வாசல் படலைக்கு வரும். குசினியில் நிற்பவர்கள் அகப்பையோடு வருவார்கள்.

எனக்கு இதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன். டிவியில் சொல்வதை இந்த ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. பேப்பரை வடை சுற்றத்தான் வைத்திருக்கிறார்கள். தேர்தலுக்கு வருகிறவர்கள் சொல்வதைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை. ஆனால் நிரோஜா ஓட்டோவில் சொல்லிவிட்டால் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். "உண்மையோ?" என்று யாரும் கேட்டதில்லை. நேரே போய் முகம் கழுவி, செத்த வீட்டுக்கு உடுத்துவதை எடுப்பார்கள்.

இப்படி இருக்கையில்தான் பாரிஸிலிருந்து பிளாஸ்டிக் அரிசி வந்தது.

எங்கள் ஊர் ஜெகதீஸ்வரி மாமியின் மகன் சதீஸ் பாரிஸில் இருக்கிறான். பகலில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுவான், வேலை முடிந்தால் உலக அரசியல். "வன்னி நெருப்பு" என்று பேஸ்புக்கில் ஒரு பக்கம். கோட்டுப் போட்டு, பின்னால் பூமி உருண்டை சுற்ற, கண்ணை உருட்டிக் கதைப்பான். அவன் ஒரு நாள் வீடியோ போட்டான்: "நெடுங்கேணி மக்களே, நீங்கள் சாப்பிடுவது அரிசியா, சீனப் பிளாஸ்டிக்கா?" எந்த நாட்டிலோ யாரோ மாவை உருட்டி நிலத்தில் எறிகிறார்கள், அது பந்தாகத் துள்ளுகிறது. அதற்குப் பிறகு ஒரு கடையின் படம். கைருன்னிஸா ராத்தாவின் இடியப்பக் கடை.

அந்தப் படத்தை அவனே எடுத்தவன். போன ஆடியில் விடுமுறைக்கு வந்து, ராத்தாவின் கடை வாங்கில் குந்தியிருந்து, சொதியைக் கோப்பையோடு குடித்துவிட்டு எடுத்த படம். நன்றி கெட்ட வயிறு.

ராத்தாவைப் பற்றிச் சொல்லவேண்டும். முல்லைத்தீவுக்காரி. தொண்ணூறாம் ஆண்டு ஆயுதம் வைத்திருந்தவர்கள் முஸ்லிம் சனத்தை வடக்கை விட்டு வெளியேற்றியபோது வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பையோடு புத்தளம் போனவர். சண்டை முடிந்து திரும்பி வந்து, எங்கள் சந்தியில் ஒரு தகரக் கொட்டிலில் இடியப்பம் அவிக்கத் தொடங்கினார். விடிய பஸ் ஏறுகிறவர்களும், வயலுக்குப் போகிற உழவு மெசின்காரரும் அவருடைய இடியப்பத்தில்தான் உயிர் வாழ்ந்தார்கள். கொட்டில் கடையானது. கடைக்குச் சீமெந்து நிலம் வந்தது. அந்த நிலத்தைத் தினமும் துடைத்துக்கொண்டே இருப்பார்.

வீடியோ வந்த கிழமையே கடை வெறிச்சோடிப் போனது.

கதிர்காமநாதன் ஐயாவுக்குத்தான் கொண்டாட்டம். ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளர். வெளிநாட்டுச் சதி ஒன்று இல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செமிக்காது. வயலுக்குள் யானை வந்தால் இந்தியா, மழை பிந்தினால் அமெரிக்கா. இப்போது சீனா.

"சீனாக்காரன் கடலால வருவான் எண்டு பாத்துக்கொண்டிருந்தம். அவன் வயித்துக்குள்ளால வந்திட்டான்," என்றார், சந்தியில் நின்று.

"ஐயா, அது ஒலுமடு நெல்லு. மில்லில நான் கண்ணால கண்டனான்," என்றேன்.

"நீ கண்டது உனக்குக் காட்டினதை, பிள்ளை."

சுகாதாரப் பரிசோதகர் வந்தார். மாவைப் பார்த்தார், அவித்தார், எல்லோர் முன்னாலும் சாப்பிட்டார், ஒரு குறையும் இல்லை என்றார். "அவருக்கு மேலிடத்திலயிருந்து சொல்லியிருப்பினம்," என்றது ஊர். ஒரு பேப்பரில் "நெடுங்கேணி அரிசி குறித்து வதந்தி" என்று உள்பக்கத்தில் போட்டார்கள். "பாத்தியளே, பேப்பரையும் வாங்கிப்போட்டாங்கள்!" என்றது ஊர். மறுக்க மறுக்க வதந்திக்குச் சதை பிடித்தது.

எங்கள் சனத்துக்கு இந்த நோய் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. சண்டைக் காலத்தில் கொழும்பு வானொலி சொன்னது பொய். இங்கே சொன்னதிலும் பாதிப் பொய், ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னால் வாயில் பல் இருக்காது. அதனால் பின்னேரமானால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோ கரண்டில் வெளிநாட்டு வானொலி கேட்போம். கடல் தாண்டி வந்தால்தான் உண்மை என்று காது பழகிவிட்டது. இப்போது கரண்ட் வந்துவிட்டது, காப்பெட் போட்ட தார் வீதி வந்துவிட்டது, காது மட்டும் இன்னும் டைனமோவில் ஓடுகிறது. சதீஸ் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான், அவனுக்கு யாரிடமும் பயமில்லை, ஆகவே உண்மை சொல்வான். இதுதான் கணக்கு. அவனுக்கு அரிசி முளைக்கிற திசைகூடத் தெரியாது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

கடைசியில் ராத்தாவின் கடைக்குப் போகிறவர்கள் இரண்டே பேர். நானும், சதீஸைப் பெற்ற ஜெகதீஸ்வரி மாமியும்.

மாமி மகன் கட்டிக்கொடுத்த மாடி வீட்டில் தனியே இருந்தவர். மாடிக்கு ஏறியதே இல்லை, முழங்கால் விடாது. விடியக் காலை தூக்குச்சட்டியோடு சந்தியால் நடந்து வந்து, எல்லோரும் பார்க்க, "கைருன்னிஸா, எனக்கு ஆறு பிளாஸ்டிக் போடு," என்று உரத்துக் கேட்பார்.

அன்றைக்கும் அப்படித்தான் கேட்டார். ராத்தா சிரிக்கவில்லை. இடியப்பத் தட்டுகளைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை தம்பி லொறி கொண்டு வாறான்," என்றார். "புத்தளம் போறன். ஒருக்கா ஆயுதத்துக்குப் பயந்து போனம், அதை எல்லாருக்கும் சொல்லலாம். இப்ப ஒரு வீடியோவுக்குப் பயந்து போறன். இதை என்னெண்டு சொல்லுறது?"

அந்தச் சீமெந்து நிலத்தைப் பார்த்தேன். அன்றைக்கும் துடைத்திருந்தார்.

"தங்கச்சி, உங்கட ஓட்டோவில ஒருக்காச் சொல்லுங்கோவன். நீங்கள் சொன்னா நம்புவினம்."

"ராத்தா, அது செத்தவைக்கு மட்டும். அதில வேற கதை சொல்லத் துவங்கினா, பிறகு செத்ததையும் நம்பமாட்டினம்."

"அப்ப நான் செத்துப்போனன் எண்டு சொல்லுங்கோ."

மாமி தூக்குச்சட்டியை மேசையில் வைத்தார். "செத்தவைக்கு மட்டும் எண்டால் ஒண்டைச் சாக்கொல்லன், நிரோஜா."

"ஆரை மாமி?"

"அந்தப் பிளாஸ்டிக் அரிசியைத்தான். என்ர மோன் பெத்தது. அப்பம்மா நான் சொல்லுறன், கொல்லு." பிறகு குரலைத் தணித்தார். "நான் அவனுக்கு போனில சொன்னனான். 'அம்மா, உங்களுக்கு ஊடகம் விளங்காது' எண்டான். பள்ளிக்கூடம் போறன் எண்டு சொல்லிப்போட்டுக் குளத்துக்க கிடந்தவன், எனக்கு விளங்காதாம். அவன்ர பேரையும் போடு."

பிரதாபனுக்குப் பிடிக்கவில்லை. "இது விளையாட்டுச் சாமானில்லை, நிரோ," என்றார்.

"ஒருக்காத்தானே. லொறி வந்திட்டா அந்த மனுசி இனி வராது."

அவர் ஓட்டோவை எடுத்தார். நான் மைக்கைப் பிடித்து, என்னுடைய செத்த வீட்டுக் குரலில், ஒரு எழுத்தும் நடுங்காமல் வாசித்தேன்:

"பாரிஸைப் பிறப்பிடமாகவும் நெடுங்கேணிக் கைபேசிகளை வதிவிடமாகவும் கொண்ட திருவாளர் பிளாஸ்டிக் அரிசி அவர்கள் இன்று காலை அகால மரணமடைந்தார். அன்னார் பாரிஸ் சதீஸின் அன்பு மகனும், ஓய்வுபெற்ற சங்கக்கடை முகாமையாளர் கதிர்காமநாதனின் பாசமிகு வளர்ப்பு மகனும், சீனா, இந்தியா, அமெரிக்கா ஆகியோரின் செல்லப் பேரனும் ஆவார். அன்னாரின் பூதவுடல் கைருன்னிஸாவின் கடையில் இடியப்பமாக அஞ்சலிக்கு வைக்கப்பட்டு, சொதி சம்பலுடன் அவரவர் வயிற்றில் நல்லடக்கம் செய்யப்படும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்."

படலைக்குச் சோக முகத்தோடு வந்த சனம் முதலில் விழித்தது. பிறகு ஒரு வளவில் சிரிப்பு வெடித்தது, அடுத்த வளவுக்குத் தாவியது. சேனைப்பிலவுப் பக்கம் நாங்கள் போவதற்குள் அங்கே சிரித்து முடித்துவிட்டார்கள். அடுத்த நாள் காலை ராத்தாவின் கடை வாங்கில் இடமில்லை. "பூதவுடல் சூடா இருக்கோ?" என்று கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். கதிர்காமநாதன் ஐயா என்னோடு சண்டை பிடிக்க வந்தவர், வாசம் பட்டு வாங்கில் குந்திவிட்டார். "பரிசோதிக்கத்தான்," என்று சொல்லிக்கொண்டு இரண்டு தரம் சொதி கேட்டார்.

லொறி வரவில்லை. ராத்தா தட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்துத் திரும்ப அடுக்கினார். நான் ஊருக்குள் தலையை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். பரிசோதகரால் முடியாததை, பேப்பரால் முடியாததை, நான் ஒரு மைக்கால் செய்தேன் என்று நினைப்பு. அந்த நினைப்பு எனக்கு இரண்டு கிழமைதான் இனித்தது.

ஜெகதீஸ்வரி மாமி செத்துப்போனார். காலையில் வீட்டுக்குள் விழுந்து கிடந்தவரைப் பிரதாபனின் ஓட்டோவில் வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றுவிட்டது. பிரதாபன்தான் சதீஸுக்கு போன் எடுத்துச் சொன்னார். அவனுக்கு உடனே பிளைட் எடுக்க வழியில்லை. செத்த வீட்டை நேரலையாகக் காட்டச் சொல்லி அழுதான்.

பின்னேரம் நான் மைக்கைப் பிடித்தேன். "நெடுங்கேணியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட திருமதி ஜெகதீஸ்வரி அவர்கள் இன்று காலமானார். அன்னார் பாரிஸ் சதீஸின் அன்புத் தாயாரும்..."

பாரிஸ் சதீஸ் என்ற பெயர் வந்ததும் முதல் படலையில் நின்ற பெண் கையைத் தட்டினாள்.

"இந்த முறை பூதவுடல் என்ன, புட்டோ?" என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை, உண்மையா."

"ஓம் ஓம், அண்டைக்கும் இப்பிடித்தானே முகத்தை வைச்சுக்கொண்டு சொன்னனீங்கள்!"

வீதிக்கு வீதி சிரித்தார்கள். என் குரல் உடைந்த இடத்தில் இன்னும் கூடச் சிரித்தார்கள், நடிப்புத் திறம் என்று. கதிர்காமநாதன் ஐயா மட்டும் சிரிக்கவில்லை, கோபப்பட்டார். "உயிரோட இருக்கிற மனுசியைச் சாக்கொல்லுறியே, உனக்கு வாய் கூடிப்போச்சு."

"ஐயா, அவா செத்திட்டா. சத்தியமா."

கைபேசியை எடுத்துத் தடவினார். "வன்னி நெருப்பில ஒண்டும் இல்லையே. தாய் செத்தா முதல் அவன்தானே போடுவான்?"

ஓட்டோவை நிப்பாட்டச் சொன்னேன். மைக்கை வீசி எறியவேண்டும் போல் இருந்தது. பிரதாபன் என்னைப் பார்த்தார். "நான் அண்டைக்கே சொன்னனான்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரோடாவது சண்டை பிடித்திருக்கலாம்.

மாமியின் வீட்டு முற்றத்தில் வாடகைக் கதிரைகள் வரிசையாகப் போட்டுக் கிடந்தன. ஒரு கதிரையிலும் ஆளில்லை. வீடியோக்காரர் நேரலையைத் தொடங்கியிருந்தார். சதீஸ் எனக்கு போன் எடுத்தான்.

"அக்கா, ஏன் கதிரையெல்லாம் வெறுமையாக் கிடக்குது? ஊர்ச் சனம் எங்க?"

"வருவினம் சதீஸ். நான் சொன்னதை நம்பேல்லை. நீ உன்ர பக்கத்தில ஒருக்காப் போடு."

"போட்டுட்டன் அக்கா. இப்பத்தான் போட்டனான்." அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது. "சிரிக்கிறாங்கள். எல்லாரும் சிரிப்புப் படம் போடுறாங்கள். 'அம்மாவும் சீனப் பிளாஸ்டிக்கோ அண்ணை?' எண்டு ஒருத்தன் எழுதியிருக்கிறான். என்ர அம்மா செத்ததுக்குச் சிரிக்கிறாங்கள் அக்கா."

அவனைத் திட்டுவதற்கு என்னிடம் நல்ல வார்த்தைகள் இருந்தன. வீடியோ போட்ட நாளிலிருந்து சேர்த்து வைத்தவை. ஆனால் அந்தச் சிரிப்பில் பாதி நான் பழக்கிவிட்டது.

அவன் மூக்கை உறிஞ்சினான். நேரலையை உற்றுப் பார்க்கிறான் போலும்.

"அது ஆர், அம்மான்ர தலைமாட்டில முக்காட்டோட இருக்கிறது?"

"கைருன்னிஸா ராத்தா. செத்த வீட்டில அடுப்பு மூட்டக்கூடாதெண்டு இடியப்பம் அவிச்சுக் கொண்டு வந்தவா. சட்டி அங்கால இருக்கு."

பிறகு கேட்டான், "அவா மட்டும் என்னெண்டு நம்பினவா? அவாவுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை சதீஸ். காலமை அம்மா இடியப்பத்துக்கு வரேல்லை. அதால கடையை அப்பிடியே விட்டிட்டுத் தேடிப் போனவா. விழுந்து கிடந்ததைக் கண்டதும், தூக்கிக்கொண்டு வந்து ஓட்டோவில ஏத்தினதும் அவாதான்."

அவன் போனை வைக்கவில்லை. அழுகிறான் என்பது மட்டும் கேட்டது. நான் போனை ராத்தாவின் கையில் கொடுத்தேன். அவர் அதைக் காதில் வைத்து, "மகன்..." என்றார்.

நான் வீதிக்கு இறங்கினேன். பிரதாபன் ஓட்டோவைத் திருப்பப் போனார், வேண்டாம் என்று கையைக் காட்டினேன். மைக் இல்லாமல் முதல் படலைக்குப் போய், கைதட்டிய அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, என் முகத்தைப் பார்க்கச் சொன்னேன்.