பிள்ளையாரின் பிளக்

பேர்ணடெற் பிள்ளையாருக்கு முன்னால் முழந்தாளிட்டது கும்பிடுவதற்காக அல்ல, பிளக்கைக் கழற்றுவதற்காக.

வெள்ளவத்தைத் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில், லிப்டுக்குப் பக்கத்தில், மாபிள் மாடத்துக்குள் அவர் வீற்றிருந்தார். கரண்ட் போனால் கட்டடத்து ஜெனரேற்றர் மூன்றுக்குத்தான் ஓடும்: லிப்ட், தண்ணீர் மோட்டர், பிள்ளையாரின் பல்ப். வீடுகளுக்கும் கொடுத்தால் ஆளுக்கொரு ஏசியைப் போட்டுவிடுவார்கள் என்று கொமிட்டி எப்போதோ முடிவெடுத்திருந்தது. பிள்ளையாரின் பல்ப் அணையக்கூடாது என்பதில் மட்டும் ஒருவருக்கும் மறுபேச்சில்லை. அந்தோனியாரைக் கும்பிடும் வேதக்காரியான பேர்ணடெற்றும் அன்று தலையாட்டியவள்தான்.

ஐந்தாம் மாடியில் அவளுடைய கணவர் யேசுதாசன் ஒட்சிசன் மெஷினில்தான் உயிர் வாழ்கிறார். போன கிழமை கரண்ட் போனபோது ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினாள். அங்கேயும் இருட்டு. ஒரேயொரு பிளக்குக்கு நாலு நோயாளிகள் காத்திருந்தார்கள். உதடு நீலம் பாரித்துக் கிடந்த மனுசனைப் பார்த்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, பொல்லாத கோபம்தான் வந்தது. வீட்டுக்குக் கீழே ஒரு பல்ப் சும்மா எரிந்துகொண்டிருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அதனால்தான் இன்று மாலை, கரண்ட் வெட்டுக்கு முன்னரே யேசுதாசனையும் மெஷினையும் லிப்டில் இறக்கிக் கதிரை போட்டு இருத்தியிருந்தாள். பல்பின் பிளக்கைக் கழற்றிய இடத்தில் மெஷினைச் செருகினாள். பிள்ளையாரை இருட்டில் விடவும் மனம் வரவில்லை. கொச்சிக்கடை அந்தோனியாருக்கென்று வாங்கி வைத்திருந்த மெழுகுதிரியை அவர் காலடியில் கொளுத்தி வைத்தாள். சொன்ன நேரத்துக்குக் கரண்ட் போனது. ஜெனரேற்றர் உறுமியது. நின்றுபோன மெஷின் மறுபடி மூச்சுவிட, யேசுதாசனின் நெஞ்சும் ஏறி இறங்கியது.

பூத்தட்டோடு லிப்டிலிருந்து வெளியே வந்த கொமிட்டித் தலைவர் சிவபாதசுந்தரம் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன பேர்ணடெற் இது? சாமியின்ர லைற்றைக் கழட்டிப்போட்டீங்கள்."

"சாமிக்கு மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறன், ஐயா. இவருக்குக் கொளுத்துற நாள் இன்னும் வரேல்லை."

"ஜெனரேற்றர் இதைத் தாங்காது. லிப்ட் நிண்டு போகும்."

"நிண்டால் படியால ஏறுங்கோ. உங்களுக்கு மூச்சு இருக்குத்தானே."

அவருடைய முகம் கறுத்தது. கொமிட்டியைக் கூட்டப்போவதாகச் சொன்னார்.

"கூட்டுங்கோ. இஞ்சயே கூட்டுங்கோ. பிள்ளையாரும் இருக்கிறார், இவரும் இருக்கிறார். கழட்டுறதெண்டு முடிவெடுத்தால் நீங்களே உங்கட கையால கழட்டுங்கோ."

சொல்லிவிட்டு, சுவர்ப் பிளக்கை முதுகால் மறைத்துக்கொண்டு நிலத்தில் சம்மணமிட்டு அமர்ந்தாள். அவள் எழும்பப் போவதில்லை என்பது அவருக்கும் தெரிந்தது. யேசுதாசன் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டார். மூக்கில் செருகிய குழாய் மட்டும் இலேசாக ஆடியது.

சிவபாதசுந்தரம் குனிந்தார். பேர்ணடெற் முதுகை இன்னும் இறுக்கிச் சாய்ந்தாள். அவர் செவ்வரத்தம் பூக்களை ஒவ்வொன்றாகப் பிள்ளையாரின் காலடியில் வைத்தார். வாசலால் கடற்காற்று அடித்தது. மெழுகுதிரிச் சுடர் சாய்ந்து அணையப் பார்த்தது. சட்டென்று இரு கைகளாலும் அதைப் பொத்திப் பிடித்தார்.

"நாளைக்கு மீற்றிங்" என்றார், கையை எடுக்காமலே.