தொப்பி கழற்றிய கோச்

ரொறன்ரோ, மல்வேர்னில் யூட்சனின் வீட்டு வாசலில் ஹ்வாங் நான்காவது நாளாக வந்து நின்றார். தொப்பி கையில் இருந்தது. மழை தூறியது. அழைப்புமணியை அவர் அழுத்தவில்லை.

“உவன் ஏன் திரும்பவும் வந்து நிக்கிறான்?” மாமி யோகமலர் யன்னல் திரையை விலக்கிப் பார்த்தார். மகளின் செத்தவீட்டுக்கு வந்த மாமி இன்னும் தன் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. “என்ர பிள்ளையைத் திண்டது காணாதே? தம்பி, பொலிசுக்குக் கோல் பண்ணுங்கோ.”

யூட்சன் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது ஆறிவிட்டது. மனைவி மயூரி செத்து முப்பத்துநாலு நாள்.

ஹ்வாங் கொரியாவில் பதினொரு வருடம் தொழில்முறை பேஸ்போல் ஆடியவர். பந்தெறிபவர். தோள் கெட்ட பிறகு அங்கேயே பயிற்சியாளரானார். தன் மகளோடு ரொறன்ரோவுக்கு வந்து, ஸ்காபரோப் பெண்கள் அணியொன்றுக்குச் சம்பளமில்லாத கோச் ஆனார். அந்த அணியில் மயூரி மூன்று வருடம் ஆடினாள்.

அவர் அவர்களுக்கு முதலில் பழக்கியது ஒரு மரியாதை. எறிந்த பந்து ஒருவர்மேல் பட்டால் தொப்பியைக் கழற்றித் தலைகுனிய வேண்டும். கொரியாவில் அப்படித்தான். மூத்தவர் இளையவருக்குக் குனியாவிட்டால் மட்டும் யாரும் குறை சொல்வதில்லை.

அந்த ஞாயிறு, பயிற்சியில், அவர் எறிந்த பந்து மயூரியின் ஹெல்மெட்டில் பட்டது. அவர் தொப்பியில் கை வைத்தார். “வேண்டாம் கோச், குனிஞ்சால் நிமிரமாட்டியள்,” என்றாளாம். அவரும் சிரித்துவிட்டுக் கையை எடுத்தார். வீட்டுக்கு வந்து அதை யூட்சனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். திங்கள் காலை எழும்பவில்லை. மூளையில் இரத்தக்கசிவு என்றார்கள்.

செத்தவீட்டில் எல்லோரும் அந்தப் பந்தைப் பற்றித்தான் பேசினார்கள். யூட்சன் மறுக்கவில்லை. ஹ்வாங் அணியை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டபோதும் வாயைத் திறக்கவில்லை.

இன்று எழுந்துபோய்க் கதவைத் திறந்தான்.

ஹ்வாங் இடுப்புவரை குனிந்தார். நிமிரவில்லை. “மன்னிக்க வேண்டாம். திட்டு,” என்றார், உடைந்த ஆங்கிலத்தில்.

யூட்சனும் ஆங்கிலத்தில் சொன்னான். “தலை இடிக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று அன்றைக்கு மயூரி கேட்டாள். பத்து மணித்தியாலம் காக்க வைப்பார்கள், படு, காலையில் பார்ப்போம் என்றேன். இரண்டு குளிசை கொடுத்தேன்.”

சொல்வது லேசாக இருந்தது. மாமிக்கு இந்த வேகத்தில் ஆங்கிலம் பிடிபடாது.

ஹ்வாங் மெல்ல நிமிர்ந்தார். யூட்சனைத் தாண்டி உள்ளே பார்த்தார். “அம்மாவுக்குத் தெரியுமா?”

“இல்லை.”

அவர் தொப்பியைத் திரும்பப் போடவில்லை. போகவுமில்லை. நரைமயிர் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. நான்கு நாளும் இந்த மனிதர், விளங்காத மொழியில், மாமியின் திட்டை வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார்.

“என்னவாம் உவன்?”

யூட்சன் திரும்பினான். “அவரில்லை மாமி. தலை இடிக்குது, ஆஸ்பத்திரிக்குப் போவம் எண்டு கேட்டவள். நான்தான் படுக்கச் சொன்னனான்.”

மாமியின் கை யன்னல் திரையை விடவில்லை.

“எத்தினை மணிக்குக் கேட்டவள்?”

“பின்னேரம் ஏழு.”

“ஏழரைக்கு நான் போன் எடுத்தனான்.” குரல் சின்னதாகிவிட்டது. “களைச்சுப்போனாள், நித்திரை எண்டு சொன்னியள். நானும் எழுப்பச் சொல்லேல்ல. சரி, படுக்கட்டும் எண்டு போனை வச்சிட்டன்.”