இரண்டு கடலுக்கும் போன பிளம் ஜாம்

ஒரே ஒரு கொப்பரை ஜாமை, ஒரே மத்தியானத்தில், வட கடலுக்கும் கருங்கடலுக்கும் பரிமாறிவிட்டதாக ரெஹோர் சொன்னார். இரண்டு கடலும் சப்புக்கொட்டிய சத்தம் மதுக்கடை வரை கேட்டதாம்.

"அலை அடிச்சுதுன்னு சொல்லலையே, அதுவரைக்கும் புண்ணியம்," என்றார் ஷ்க்வோர். நாற்பது வருஷம் நிலம் அளந்தவர்.

ஸ்ட்ரானோவ்கா மலையின் முதுகில்தான் ஊர். மேற்கே விழும் மழை எல்பே ஆற்றில் சேர்ந்து வட கடலுக்குப் போகும். கிழக்கே விழுவது டான்யூபில் கலந்து கருங்கடலுக்கு. பிரிகிற இடம் தன் வாசல்தான் என்பது ரெஹோரின் கட்சி. அந்தத் தெருத் தண்ணீர் மொத்தமும் மேற்கேதான் என்பது ஷ்க்வோர் கையால் வரைந்த வரைபடம்.

நடந்தது இதுதான். ஊர்ப் பொது ஜாம், இருநூறு கிலோ பிளம், ரெஹோர் வாசலில் கொதித்துக்கொண்டிருந்தது. இன்னும் இறுகவில்லை. துழாவும் முறை அவருடையது. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவர் ஒரு குவளை பீருக்காக உள்ளே திரும்பிய நேரம், கொப்பரையைத் தாங்கிய முக்காலியின் கால் எலி வளையில் இறங்கியது. கொப்பரை கவிழ்ந்து, ஜாம் தெருவின் இரண்டு பக்கச் சாக்கடையிலும் ஓடியது. மேற்கே தீயணைப்புக் குளம் ஊதாவானதை ஊரே பார்த்தது. கிழக்குச் சரிவில் ஷ்க்வோர் வீடு ஒன்றுதான். அவர் மூன்று நாளாகக் கதவைச் சாத்திக்கொண்டு, சளி என்றார்.

ஜாம் போனது பெரிதில்லை. ஊர்க் குறிப்பேட்டில் என்ன ஏறும் என்பதுதான் ரெஹோரைத் தூங்கவிடவில்லை. 1836-இல் ஒருவன் தீப்பிடித்த தேவாலயத்தில் குறட்டை விட்டதாக அதில் ஒரு வரி உண்டு. பேரரசர் போனார், எத்தனையோ படைகள் வந்து போயின. அவன் பரம்பரை மட்டும் இன்றைக்கும் 'குறட்டை வீட்டுக்காரர்கள்'தான். இரண்டு கடலுக்கும் போனால் அது அதிசயம். கருங்கடல் கணக்கில் வராவிட்டால், ரெஹோரின் பேரப்பிள்ளைகள் 'ஜாம் கொட்டி'கள்.

ஞாயிற்றுக்கிழமை மதுக்கடையில் குறிப்பேட்டுக்காரி ஸ்டிஸ்லாவா பேனாவைத் திறந்தாள்.

"ரெஹோரு, நீ சொல்றதையெல்லாம் எழுதினா அடுத்த நூற்றாண்டுக்காரன் என்னைத்தான் பைத்தியம்பான்."

"அஞ்சு வார்த்தை போதும்மா. ரெஹோரின் ஜாம் இரண்டு கடலுக்கும் போனது."

"ஏன்யா, கடலெல்லாம் ரொட்டியோட காத்துக்கிட்டிருந்துதாக்கும்," என்றார் ஷ்க்வோர். "கிழக்கே நான் இருக்கேன். ஒரு சொட்டு வரலை."

கடையே சிரித்தது. ரெஹோரும் சிரித்தார், பீர்க் குவளையைத் தள்ளி வைத்துவிட்டு.

ஸ்டிஸ்லாவா எழுதியபடியே வாசித்தாள்: "ரெஹோரின் கவனக்குறைவால் ஊர் ஜாம் முழுவதும் மேற்கே ஓடி வீணானது. சாட்சி, ஷ்க்வோர்." குறிப்பேட்டை அவர் பக்கம் திருப்பினாள். "கையெழுத்துப் போடு."

ஷ்க்வோர் பேனாவை வாங்கினார். கண்ணாடியைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். மதுக்கடையில் எதை வேண்டுமானாலும் சொல்கிற மனுஷன்தான். ஆனால் அளவு விஷயத்தில் தப்பான காகிதம் எதிலும் அவர் கை இதுவரை பட்டதில்லை.

"என்னய்யா, உன் பேரே மறந்துடுச்சா?" என்றார் ரெஹோர்.

பேனா மேசைக்குத் திரும்பியது.

"அந்த வரியை அடிச்சிடும்மா," என்றார் ஷ்க்வோர். "என் வாத்து நாலும் ஊதாவா நிக்குது. கொட்டகையில பூட்டி வெச்சிருக்கேன். சோப்புப் போட்டும் போகலை."

ஸ்டிஸ்லாவா அந்த வரியை அடித்தாள்.

"கிழக்கேயும் வந்துச்சு. தண்ணி பிரியற கோடு இவன் வாசல்லதான் போகுது. வரைபடத்தை நான் திருத்திக்கிறேன். இவன் சொன்னது நடந்ததுதான், எழுதிக்கோ."