விருந்தாளிக்கு வைத்த தண்ணீர்

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் ஆட்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த ஆண்டு அது. குளுவாங்குக்குத் தெற்கே ரயில் பாதையை ஒட்டிய அந்தச் சிற்றூரில், துப்புரவுத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வரிசை அறைகளுக்குக் குறை கேட்க டவுன் போர்டு அதிகாரி வருகிறார் என்ற செய்தியை முதலில் ஒருவரும் நம்பவில்லை. அறைகளைக் கொடுத்ததோடு போர்டின் பேச்சு முடிந்திருந்தது.

கேட்க வேண்டியது ஒன்றே: குழாய். லயத்துக் கிணற்றுக்கு மேட்டுப்புறத்தில்தான் ஊரின் மலவாளிகளைக் கழுவும் கொட்டகையைப் போர்டு கட்டியிருந்தது. கழுவும் மருந்தும் கழுவிய மலமும் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றில் ஊறின. காய்ச்சினாலும் அந்தத் தண்ணீர் நாறியது. லயத்தில் குடியிருந்த பேச்சியம்மாளின் மூத்த பிள்ளையை வயிற்றுப்போக்கு கொண்டுபோயிற்று. இளையவள் செல்லம் அதே நோயிலிருந்து இப்போதுதான் தேறிக்கொண்டிருந்தாள். ரயில் நிலையக் காவற்காரர் கண்டும் காணாமல் விட்ட, நாளுக்கு ஒரு குடம் நிலையக் குழாய்த் தண்ணீர்தான் அவளைப் பிழைக்க வைத்திருந்தது.

அதிகாரி வரும் காலையில், அந்தக் குடத்தின் முன் மண்டோர் காளியப்பன் வந்து நின்றார். தொழிலாளருக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் அவரும் அதே லயத்தில்தான் குடியிருந்தார்.

"ஒரு செம்பு மொண்டுக்கிறேன், பேச்சி. தொரைக்குக் குடுக்கணும்."

"கெணத்துத் தண்ணியக் குடுங்கண்ணே. ஒரு வாய் குடிச்சாருன்னா நாம பேசவே வேணாம்."

"வீடு தேடி வந்த மனுசனுக்கு அதையா குடுப்பாங்க?"

"நம்ம புள்ளைங்க குடிக்குதே."

அடுத்த அறைக் கருப்பாயி சிரித்தாள். "இவ ஊர்ல சம்பந்தி வந்தாலும் சாக்கடையத்தான் மொண்டு குடுப்பாங்க போல."

வந்தவருக்கு இருப்பதில் நல்லதைக் கொடுக்கும் முறையை மறுக்கப் பேச்சியம்மாளுக்கும் முழு மனமில்லை. செம்பு நிறைந்தது.

அதிகாரி வியர்த்து வந்து சேர்ந்தார். மொழிபெயர்க்கப் போர்டின் கணக்கெழுதும் கிராணி ரபேல் உடன் வந்திருந்தார். காளியப்பன் இரு கைகளாலும் செம்பை நீட்டினார். அதிகாரி தயங்கி ஒரு மடக்குக் குடித்தார். பிறகு முழுவதையும் குடித்தார். அதன்பின்தான் காளியப்பன் முறையிட்டார்.

"துவான், எங்க கெணத்துத் தண்ணி நாறுது. புள்ளைங்க சாகுது. ஒரு பைப்பு வேணும்."

ரபேல் சொல்லக் கேட்ட அதிகாரி, வெறும் செம்பைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்.

"இப்ப குடிச்சேனே, நல்லாத்தானே இருக்குங்கிறாரு," என்றார் ரபேல். "அவரு பங்களாத் தண்ணிகூட இப்படி இல்லையாம்."

காளியப்பனின் தலை தாழ்ந்தது. விருந்தினருக்குக் கொடுத்ததில் ஒரு மறைப்பு இருந்தது என்று அவரிடமே சொல்ல நா எழவில்லை. அதிகாரி புறப்படத் திரும்பினார். பேச்சியம்மாள் முன்னால் வந்தாள்.

"அது ஸ்டேஷன் பைப்புத் தண்ணின்னு சொல்லுங்கய்யா."

ரபேல் குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுப் பேசும்மா. ரயில்வே தண்ணிய எடுக்கிறது குத்தம். சொன்னா அதையும் பூட்டிருவாங்க."

அவள் செல்லம் படுத்திருந்த அறையைப் பார்த்தாள். சொல்லாவிட்டால் அந்த ஒரு குடம் இருக்கும், காவற்காரர் மாறும் வரை. சொன்னால் குழாய் வரலாம்.

"சொல்லுங்க," என்றாள். கிணற்றில் வாளியை இறக்கி மொண்டு வந்து அதிகாரியின் முன் வைத்தாள். அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அவர் கோபிக்கவில்லை. ஒரு போத்தலில் கிணற்று நீரைப் பிடிக்கச் சொன்னார். அது சோதனைக்கு ஜொகூர் பாருவுக்குப் போகும். முடிவு வந்தபின் போர்டு கூடிப் பேசும். உண்மையைச் சொன்னதற்காக அவளுக்கு நன்றி தெரிவித்தார். ரயில்வேக்குத் தகவல் கொடுப்பது தம் கடமை என்பதையும் அதே மரியாதையோடு சொன்னார்.

மறுநாள் நிலையக் குழாயில் பூட்டுத் தொங்கியது. காவற்காரரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கருப்பாயி பேச்சியம்மாளோடு பேசுவதை விட்டாள். கேட்டபோதெல்லாம் ரபேல், "இன்னும் ரிசல்ட் வரலம்மா," என்றார். காளியப்பன் மட்டும் ஒருநாள் வாசலில் வந்து நின்றார்.

"மழை வந்தா புடிச்சுக்கலாம், பேச்சி."

உள்ளே செல்லம் தண்ணீர் கேட்டாள். காய்ச்சி ஆறிய கிணற்று நீரைப் பேச்சியம்மாள் துணியில் மீண்டும் மீண்டும் வடிகட்டினாள். வாடை போகவில்லை.

"கண்ண மூடிக்கிட்டுக் குடிச்சிரு, தாயி."

செல்லம் கண்களை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.