ஊர் நேரத்தில் ஒரு குரல்

தையல்காரி கணவனோடும் மகளோடும் அயல்நாட்டு நகரத்தில் வந்து இறங்கியபோது, அவள் குரல் மட்டும் ஊர் நேரத்திலேயே நின்றுவிட்டது. காலை பத்து மணிக்கு அவள் பேசினால் உதடு அசையும், சத்தம் வராது. ஊர்க் கடிகாரம் பத்தைத் தொடும்போது, அதாவது இங்கே வெயில் சாயத் தொடங்கும் வேளையில், பேசிய அதே இடத்தில் அந்தப் பேச்சு தெளிவாகக் கேட்கும். அவள் அங்கே நிற்கிறாளா இல்லையா என்பது அதற்கு ஒரு பொருட்டில்லை. டாக்டர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, புதிதாக வருகிறவர்களுக்கு வயிறு கெடும், தூக்கம் கெடும், சிலருக்கு இப்படியும் ஆகும் என்று மாத்திரை எழுதினார். ஊருக்குப் போன் போட்டால் மட்டும் குரல் அங்கே உடனே போய்ச் சேர்ந்துவிடும் என்பதால், ஊரிலிருந்த அக்காதான் கடைசிவரை நம்பவில்லை. "போன்ல கணீர்னு கேக்குதேடி, உனக்கென்ன கேடு?" என்றாள்.

லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் சீக்கிரம் பழகிக்கொண்டான். அவளால் முடியவில்லை. துணி திருத்தும் கடையில் காலையில் ஒரு பெரியவரிடம், "வயிறு பெருத்திருச்சு, இடுப்பைப் பிரிச்சு விடணும்" என்று அவள் சொன்னது, மதியம் கல்யாண உடைக்கு அளவு கொடுக்க நின்ற பெண்ணின் முன்னால் வந்து விழுந்தது. அந்தப் பெண் அழுதுகொண்டே போனாள். "நீ வாயைத் திறக்காம தைச்சாலே போதும் தாயே" என்றாள் கடைக்காரி. இன்னொரு நாள் படிக்கட்டில் வீட்டுக்காரம்மாவைப் பற்றி முணுமுணுத்துவிட்டு, அது வெளியே வரும் நேரத்துக்கு லீவு போட்டு ஓடிவந்து, அதே படியில் நின்று, பேச்சு அமுங்கிப்போகும்படி வாளியைத் தடதடவென்று தட்டினாள். எங்கே என்ன சொல்லித் தொலைத்தோம், அது யார் காதில் விழும் என்று நாளெல்லாம் பயந்து கணக்குப் போட்டாள். பேசுவதையே குறைத்தாள். உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்ளும் நாலு வயது மகளிடம் மட்டும் மனம்விட்டுப் பேசினாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில், சந்தையில் துணிக்கடை வாசலில் ஒரு பட்டுத் துண்டைத் தொட்டுப் பார்க்க மகளின் கையை விட்டாள். திரும்பினால் பிள்ளை இல்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினாள். கொட்டாவி விடுகிறாள் என்று நினைத்துச் சனங்கள் விலகி நடந்தார்கள். காய்கறிச் சந்து, பாத்திரச் சந்து, செருப்புக்கடை வரிசை எல்லாம் வாயைத் திறந்தபடி சத்தமில்லாமல் ஓடினாள். செய்தி அனுப்பியதும் கணவன் கிரீஸ் கையோடு வந்தான். போலீஸ்காரர் போட்டோ கேட்டார். எங்கும் இல்லை. வெயில் சாயும் நேரத்தில் அவள் துணிக்கடை வாசலுக்கே திரும்பி வந்து, அசையாமல் நின்றாள்.

"இங்க நின்னா எப்படி? வா, தேடலாம்!" என்று கணவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். அப்போதுதான் அவள் கத்தியது வந்துசேர்ந்தது. "குட்டீ! எங்கடி போனே? அம்மா இங்க இருக்கேன்டி!" சந்தையே திரும்பிப் பார்த்தது. பிள்ளை வரவில்லை. அடுத்து காய்கறிச் சந்திலிருந்து அதே குரல், பிறகு இன்னும் தள்ளி. தன் குரல் தன்னை விட்டுவிட்டு ஓடுகிறது, பிள்ளை அதன் பின்னால் போய் எங்கேயாவது சேர்ந்துவிடுவாளே என்று பதறி, அவளும் அதைத் துரத்திக்கொண்டு ஓடினாள். செருப்புக்கடையில் குரல் கேட்டதும் காலி அட்டைப்பெட்டிகள் சரிந்தன. தூங்கி எழுந்த முகத்தோடு மகள் வெளியே வந்து, கூப்பிட்டவளைக் காணாமல் உதடு பிதுக்கினாள். அதற்குள் அம்மா மூச்சிரைக்க வந்து வாரி எடுத்துக்கொண்டாள்.

"ஏம்மா இவ்ளோ நேரம் கூப்பிடவே இல்ல?"

"கூப்பிட்டேன்டி" என்று அவள் சொன்னது, சந்தை அடைத்த பிறகு காவல்காரருக்குத்தான் கேட்டது.

அதற்குப் பிறகு அவள் எந்த டாக்டரிடமும் போகவில்லை. வாடிக்கையாளர்கள் காலையில் துணியைக் கொடுத்துவிட்டு, பதிலைக் கேட்டுக்கொள்ள மாலையில் வரப் பழகினார்கள். காலையில் அவள் போட்ட சண்டை கணவன் வேலையிலிருந்து திரும்புவதற்குள் காலிச் சமையலறையில் பேசி ஓய்ந்துவிடுவதால், வீட்டில் சண்டையும் குறைந்தது. பயம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. கூட்டத்தில் பிள்ளையின் கையை அவள் அளவுக்கு இறுக்கிப் பிடிக்கிறவர்கள் அந்த நகரத்தில் யாரும் இல்லை. அங்கேயே இரண்டாவது பிள்ளை பிறந்தது. பாலுக்கு உறை ஊற்றி வைப்பது போல, இரவுத் தாலாட்டை மாலையிலேயே தொட்டிலருகே உட்கார்ந்து பாடி வைத்துவிட்டு, தைக்கப் போவாள். பிள்ளை நேரத்துக்குத் தூங்கியது.