கேயான் அல்லாதவை

எலக்ட்ரான் கற்றையைத் திரவ ஹைட்ரஜனுக்குள் பாய்ச்சினால், புரோட்டான்களில் மோதும் எலக்ட்ரான்களில் பெரும்பாலானவை திசை மாறுவதோடு சரி. அத்தி பூத்தாற்போல ஒரு மோதலில்தான் கேயானும் லாம்டாவும் ஜோடியாகப் பிறக்கும். சாதாரணப் பொருளில் காணாத குணம் கொண்டவை என்பதால் விந்தைத் துகள்கள் என்று பெயர். ஒரு கேயான் வருவதற்குள் பையான் என்ற சாதாரணத் துகள்கள் கூட்டமாக வந்து நெருக்கும். கருவியின் கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றைப் பிரித்தறியும் உணர்கருவியைப் பார்த்துப் பார்த்துக் கட்டியவள் அவள்.

அன்றைய கூட்டத்தில் திரையில் விழுந்த வரைபடம் அவளைச் சுருக்கென்று தைத்தது. லாம்டாவின் சிகரத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு மேடு. புதுத் துகளே கிடைத்துவிட்டதாகக் குழுத் தலைவருக்கு வாயெல்லாம் பல்.

"சார், நேத்துவரைக்கும் இது இல்லையே?"

"எதைக் கேயான்னு ஏத்துக்கலாங்கிற வரம்பை நீ ரொம்ப இறுக்கி வச்சிருந்தேம்மா. கொஞ்சம் தளர்த்தினோம்."

"யாரைக் கேட்டுத் தளர்த்தினீங்க?"

அவளோடு சேர்ந்து கருவியைக் கட்டிய நண்பன் சோடாபுட்டி, காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினான்.

அவள் இருக்கைக்குத் திரும்பி, சந்தேகத்துக்கு இடமில்லாத பையான்களை மட்டும் எடுத்து, அவற்றைக் கேயான் என்றே வைத்துக் கணக்கிட்டாள். அதே இடத்தில் அதே மேடு எழுந்தது; புதுத் துகள் எதுவும் இல்லை, கேயான் கணக்கில் நுழைந்துவிட்ட பையான்கள்தான். சோடாபுட்டியைக் கூப்பிட்டுக் காட்டினாள். தலைவர் அறைக்கும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அவர் பார்த்தார். புரிந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அறிவிக்கிறதுக்கு நாள் குறிச்சாச்சும்மா. தப்புன்னா அப்புறம் திருத்திக்கலாம். கொஞ்சம் அனுசரிச்சுப் போ. உன் பேரைத்தான் முதல்ல போடப்போறோம்."

அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தெரிஞ்சே சொல்ற பொய்க்கு என் பேரா? எடுத்துடுங்க சார்!"

மருந்துக்கடை வைத்திருந்த அவளுடைய அக்கா அன்றிரவு எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "பையானோ கொய்யாவோ, எனக்கு ஒரு எழவும் புரியல. ஆனா இல்லாததை இருக்குன்னு எழுதி ஒட்டினா, என்னை மாதிரி கடைக்காரியைப் பிடிச்சு ஜெயில்ல தூக்கிப் போடுவாங்கடி."

தலைவரை யாரும் எங்கேயும் தூக்கிப் போடவில்லை. அவள் பெயர் இல்லாமலே கட்டுரை வெளியாயிற்று; கைதட்டல், மாலை விருந்து, எல்லாம் நடந்தது. அவளை மட்டும் கீழ்த்தளத்தில் கேபிள் சோதிக்க அனுப்பினார்கள்.

மறு வருடம் வேறொரு ஆய்வகம் அதே சோதனையைச் செய்தது. மேடு இல்லை. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. கூட்டத்தில் தலைவர் கூச்சமே இல்லாமல், "நமக்கு ஆரம்பத்துல இருந்தே ஒரு சந்தேகம் இருந்துச்சு," என்றார்.

அவள் எழுந்தாள். "நமக்கு இல்ல சார். எனக்கு. அறிவிக்கிறதுக்கு முன்னாடியே உங்க மேசையில வச்சுக் காட்டினேன்."

"ஆமா, எனக்கும் காட்டினா," என்றான் சோடாபுட்டி.

அவள் சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். தலைவர்மீது வந்த கோபம்கூட இவ்வளவு சுடவில்லை.

"இப்பத்தான் உனக்கு வாய் திறக்குதா?"

அவன் தலை குனிந்தான். மாலையில் மன்னிப்புக் கேட்டுக் கீழ்த்தளம்வரை வந்தான். அவள் கேபிளிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.