வீரம்மாள் பேரில் வாங்கிய மாத்திரை

உபகாரமேரி சேலையைத் தூக்கி இடது காலைக் காட்டியதும் வீரம்மாள் வேலையைப் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தாள். பீங்கான் கம்பெனியில் காலையிலிருந்து நின்றபடி அச்சில் களிமண் கரைசல் ஊற்றும் பெண்கள் எல்லோருக்கும் கால் வீங்கத்தான் செய்யும். ஆனால் அவர்களுக்கு இரண்டு காலும் வீங்கும். இவளுக்கு ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தது. கெண்டைச்சதை சிவந்துபோய், தொட்டால் சுட்டது.

“எத்தினி நாளா இருக்குது?”

“நாலு நாளாக்கா. நின்னு நின்னு வேல பாக்கறதுதான். எண்ண தேச்சி நீவி வுட்டா சரியாப் பூடும்.”

“எண்ணயும் வேணாம், ஒண்ணும் வேணாம். கௌம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்.”

வீரம்மாள் அப்படிப் பதறியதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதுதான் மூன்று மாதமாக நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

உபகாரமேரிக்கு ஐந்து பிள்ளைகள். ஐந்தாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், மாதா கோயில் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குச் செய்யும் அவஸ்தைப்பூசுதல் கொடுத்த பிறகுதான் பிழைத்தாள். இன்னொன்று தாங்காது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சொல்வதற்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். கர்ப்பத்தடை மாத்திரை போடுவது பாவம் என்று கோயிலில் பிரசங்கம் நடந்து வெகுகாலமாகவில்லை. புருஷன் ஸ்தனிஸ்லாஸ் நல்லவன்தான், பெண்டாட்டியைக் கைநீட்டி அடித்தவனில்லை. ஆனால் பூசைக்கு மணி அடிக்கிறவன். குடும்பக் கட்டுப்பாட்டு நிலையத்து வாசலில் உபகாரமேரி நின்றால், அவள் வீடு திரும்புவதற்குள் அந்தக் கோயிலைச் சேர்ந்த பங்கு முழுக்கத் தெரிந்துவிடும்.

அதனால் அவளுக்குப் பதிலாக வீரம்மாள் போனாள். அவளுக்கும் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், யாரும் சந்தேகப்பட வழியில்லை. அங்கே ராஜாம்பாள் நர்சம்மா அவளை உட்கார வைத்து, கையில் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“மஞ்சக்காமால வந்திருக்குதா? நெஞ்சு வலி? அடிக்கடி மண்டையப் பொளக்கற தலவலி? புள்ள பொறந்தப்ப காலு ஒரு பக்கமா வீங்கிச்சா? இப்ப பால் குடுக்கறியா?”

“இல்லீங்க. அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க.”

அவள் பொய் சொல்லவில்லை. தன் உடம்பைப் பற்றிக் கேட்டார்கள், தன் உடம்பைப் பற்றிச் சொன்னாள். அந்த உடம்பு அந்த மாத்திரையை விழுங்கப் போவதில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

நர்சம்மா மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்து, தினம் ஒரே நேரத்தில் ஒன்று போட வேண்டும், நாள் தவறக் கூடாது என்றார். “ஒரு காலு வீங்கினா, நெஞ்சு வலிச்சா, மூச்சு முட்டினா, கண்ணு மங்கினா மாத்திரைய நிறுத்திட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துடணும். இத வேற யாருக்கும் குடுத்துடாத. ஒருத்தி ஒடம்புக்குப் பாத்துக் குடுக்கறத இன்னொருத்தி போடக் கூடாது.”

தலையாட்டிவிட்டு வந்தாள். கம்பெனி அச்சுக் கொட்டகையின் பின்னால் அட்டையைக் கைமாற்றியபோது தினம் ஒன்று என்பதை மட்டும் சொன்னாள். மற்றதைச் சொல்லவில்லை. சொன்னால் பயந்துகொண்டு போடமாட்டாள், ஆறாவது பிரசவத்தில் போய்ச் சேருவாள் என்று பாழாய்ப்போன புத்திக்குத் தோன்றியது. உபகாரமேரியோ அவள் கையைப் பிடித்து, “யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு ஒங்க மாரியாத்தா மேல சத்தியம் பண்ணுக்கா” என்றாள். பண்ணினாள்.

இப்போது ஆஸ்பத்திரியில், தகவல் தெரிந்து சூளை வேலையிலிருந்து ஸ்தனிஸ்லாசும் ஓடி வந்துவிட்டான். கூடத்தில் ஒரே மேஜை, மறைப்பு ஒன்றும் கிடையாது. வரிசையில் பங்குக்காரப் பெண்களே மூன்று பேர் நின்றார்கள். டாக்டர் காலை அழுத்திப் பார்த்தார்.

“குளிர்காய்ச்சல் வந்துதா?”

“லேசா அடிச்சுதுங்க.”

“வேற மாத்திர மருந்து ஏதாச்சும் சாப்புடறியா?”

“இல்லீங்க” என்றாள் உபகாரமேரி. சொல்லும்போது வீரம்மாளைப் பார்த்தாள்.

“யானக்கால் மாதிரிதான் இருக்குது. மாத்திர எழுதித் தரேன், பத்து நாள் கழிச்சி வா.”

இந்தப் பக்கத்தில் கால் வீங்கினால் எந்த டாக்டருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். ஸ்தனிஸ்லாஸ் சீட்டை வாங்கக் கையை நீட்டினான்.

“ஐயா, ஒரு வார்த்த தனியாச் சொல்லணுங்க” என்றாள் வீரம்மாள்.

“தனியாச் சொல்ல இங்க எங்கம்மா எடம் இருக்குது? சொல்லு.”

உபகாரமேரி வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் முட்டியது. வீரம்மாள் அவளைப் பார்க்காமல் டாக்டர் பக்கம் திரும்பினாள். சத்தியத்தை மீறினால் ஆத்தா தண்டிப்பாளோ என்னவோ, மீறாவிட்டால் இவள் போய்விடுவாள்.

“இவ கர்ப்பத்தடை மாத்திர சாப்புடறாளுங்க. மூணு மாசமா. நான்தான் எம் பேர்ல வாங்கிக் குடுத்தேன்.”

வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்தனிஸ்லாஸ் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். டாக்டர் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு உபகாரமேரியிடம் திரும்பினார். குரல் மாறியிருந்தது.

“முன்னாடி புள்ள பொறந்தப்ப காலு இந்த மாதிரி வீங்கிச்சா?”

“ஆமாங்க. நாலாவது பொறந்தப்ப. இதே காலுதான். ஒன்ற மாசம் நடக்க முடியல.”

“மாத்திர குடுக்கறப்ப இதையெல்லாம் ஒன்ன யாரும் கேக்கலியா?”

“கேக்கலீங்க.”

“என்னக் கேட்டாங்க” என்றாள் வீரம்மாள். “நான் இல்லன்னு சொன்னேன்.”

டாக்டர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். காலுக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம், அந்தக் கட்டி நெஞ்சுக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து, காலை யாரும் நீவக் கூடாது, நடக்கவும் விடக் கூடாது, உடனே பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். வாடகைக் கார் வந்தது. பின்சீட்டில் படுக்கவைத்தபோது வீரம்மாள் அவள் கையைப் பிடித்தாள். உபகாரமேரி கையை உருவிக்கொண்டு முகத்தை மறுபக்கம் திருப்பினாள்.

பதினோரு நாள் வீரம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. யாரைக் கேட்பது? பங்குக்காரப் பெண்கள் அவளைக் கண்டால் ஒதுங்கிப் போனார்கள். பன்னிரண்டாம் நாள் ஸ்தனிஸ்லாஸ் கம்பெனிக்கு வந்தான். முகத்தில் தாடி மண்டியிருந்தது. நேராக அவளிடம் வந்து நின்றான்.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா.”

“தப்புதான் தம்பி. அவ எப்படி இருக்குறா?”

“கட்டி கரையுதுன்னு சொன்னாங்க. எழுந்து ஒக்காருறா, கஞ்சி குடிக்கிறா. இனிமே அந்த மாத்திரய அவ தொடவே கூடாதாம். வேற வழி இருக்குதுன்னு டாக்டர் எனக்கும் வெளக்கிச் சொன்னாரு. அத நான் பாத்துக்கறேன்.” தாடியைத் தடவிக்கொண்டான். “நீங்க பாக்க வர வேணாங்கறா. ஒங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டாளாம்.”

வீரம்மாள் அச்சு மேஜையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

“அழுவாதீங்கக்கா. கோவம் தீந்தா பேசுவா.”

“பேச வேணாம் தம்பி” என்றாள் வீரம்மாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. “கோவிச்சிக்க அவ இருக்குறாளே.”